நாலு விரக்கடை

இல்லப்பா, சர்க்கரை ரொட்டிதான். விஷம் கிஷம் எதுவும் வைக்கல, பயப்படாம தின்னு. சீட்ஸ்கே கையால சுட்டது. ஆமா, அவளேதான். ஃபோல்கெர்ட், உன்னைப் பாக்கப் போறேன்னு சொன்னேன், நடுவுல நல்ல துண்டாப் பாத்து வெட்டிக் குடுத்தா. எனக்கு ஓரம்தான். என்ன இருந்தாலும் உன்மேல அவளுக்கு ஒரு இது இருக்கத்தான் செய்யுது.

அவ ஏன் வரலன்னா நான் என்னத்தைச் சொல்ல. ஒரு தடவை வந்தாளே. இந்த வார்டுக் கதவுல சிஸ்டர் நாலு நம்பர் தட்டி உள்ள விட்டதும் பின்னாடியே கதவு டொக்குனு பூட்டிக்கிச்சு பாரு, அந்தச் சத்தத்துலயே அவளுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. அடுத்த பஸ்ஸுலயே திரும்பிரலாம்னுட்டா. அவளைக் குத்தம் சொல்லாதே. ஏற்கெனவே ஒரு புருஷனை மறதி நோய்க்குத் தூக்கிக் குடுத்தவ. இன்னொருக்கா அதே கூத்தை முதல்லேர்ந்து பாக்க அவளுக்கும் தெம்பு வேணாமா?

மணியா? பத்தே கால். உன்னை வீட்டுக்கு விடலாமான்னு பாக்க ஜட்ஜம்மா இங்க வர்றது பதினோரு மணிக்குத்தானே? நெறைய நேரம் கெடக்கு, காபியைக் குடி. என்ன, காபிக்கு ஒரே ஒரு பிஸ்கட்டா? அதுவும் சரிதான். வீட்டுக்கு வந்தவன் ஒன்னு எடுத்ததும் டப்பாவை மூடிர்ற ஜனம் நாம. பூட்டி வெச்ச ஆளுக்கு மட்டும் ரெண்டாக் குடுத்துருவாங்க?

சரி சரி, கோவிச்சுக்காதே. பூட்டி வைக்கல, நீயாத்தான் வந்தே. ஒப்புக்கிறேன். வந்தது நீயா, போக விடாதது அவங்க. அவ்வளவுதானே வித்தியாசம்.

அந்த நோட்டை இப்படிக் குடு, பாப்போம். அடேயப்பா. நாப்பத்து மூணு ராத்திரி. ஒம்போதுக்குப் படுத்தேன், ஆறரைக்கு எந்திரிச்சேன், நடுவுல ஒரு தடவை பாத்ரூம், கதவுப்பக்கம் போகல. ஒவ்வொரு ராத்திரிக்கும் கீழ நைட் டியூட்டி சிஸ்டர் கையெழுத்து வேற. நீர் வாரியத்துல முப்பத்தெட்டு வருஷம் கால்வாய்த் தண்ணி மட்டம் எழுதினவன் கை, சும்மாவா. இதை வெச்சுக்கிட்டா உன்னை யாரு இங்க நிறுத்த முடியும்? ராத்திரில எந்திரிச்சு எங்கயோ போறான், போனதே அவனுக்கு ஞாபகமில்லங்கிறதுதானே உன்மேல இருக்குற ஒரே பிராது. நாப்பத்து மூணு ராத்திரி நகரலன்னு அத்தாட்சி இருந்தா, ஜட்ஜம்மா உன் பொண்ணு லிஸ்பெத்தைப் பாத்து, ஏம்மா உங்கப்பாவுக்கு என்ன குறைச்சல்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. மதியச் சாப்பாட்டுக்கு நீ வீட்டுல இருப்பே.

வக்கீல் என்ன சொன்னார்? ஆங், அதான் முக்கியம். சாந்தமா இருக்கணும். குரலை உசத்தக் கூடாது. யார் மேலயும் பழி போடக் கூடாது. இந்த நோயில யாரோ என் பொருளை நகர்த்துறாங்க, திருடுறாங்கன்னு ஆரம்பிக்கிறதுதான் முதல் அடையாளமாம். அவர் கெட்டிக்காரர். அவர் சொல்றதைக் கேளு.

நீ சாந்தமான ஆளுதான், தெரியாதா எனக்கு. பதினாறு வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கேன். உன் வீட்டுல ஒரு சாமான் விழுந்த சத்தம் கேட்டதில்ல.

நம்ம வரிசையில ஆறு வீடு, ஆறு வீட்டுக்கும் பொதுவா ஒரு சைக்கிள் கொட்டகை, கொட்டகை நிறைய நசுங்கிக்கிட்டு நிக்கிற சைக்கிளுங்க. போன செப்டம்பர்ல நீ அந்தப் புதுசைத் தள்ளிட்டு வந்தே பாரு, எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. பச்சை நிறம், இருபத்தேழு கிலோ, கன்னுக்குட்டி மாதிரி. பின்னாடியே ரெண்டு பேர் வந்து கொட்டகைத் தரையில ஒரு தளக்கல்லைப் பெயர்த்து எடுத்துட்டு அந்தக் கறுப்புக் கல்லைப் பதிச்சாங்க. நாங்க எல்லாரும் வேடிக்கை பாத்தோம். வயர் எங்கன்னு கேட்டேன். வயரே கிடையாது ஹெஸ்ஸல்னு சொன்னே. சைடு ஸ்டாண்டை அந்தக் கல்லு மேல ஊன்றினா போதும், ஸ்டாண்டு வழியாவே சார்ஜ் ஏறும்னே. கல்லோரத்துல பச்சைப்புள்ளி மினுக்குனு எரிஞ்சுது. நாலாம் வீட்டு அம்மா குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டு, சுடலையேன்னா. பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டுபோயி ஏத்துற வேலையெல்லாம் இல்ல, அது சட்டத்துக்குள்ளயே அடைச்சுக் கெடக்கு. எனக்குப் பொறாமையான்னா, ஆமா பொறாமைதான். எழுபத்து நாலு வயசுல நான் காலாலதான மிதிக்கிறேன்.

அதுவும் நீ என்னைத் தாண்டிப் போற அழகு. அணைக்கரை மேல எதிர்காத்து மூஞ்சியில அறையுது, நான் எந்திரிச்சு நின்னு மிதிச்சு மிதிச்சு நாக்குத் தள்ளுது, பின்னாலேர்ந்து ஒரு சத்தமும் இல்லாம நீ வருவே. முதுகை நேரா வெச்சுக்கிட்டு, தொப்பிகூட ஆடாம. ஹேண்டில் பாரை விடாம ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவே. மரியாதைதான், நம்ம பக்கத்துல எல்லாரும் அப்படித்தான் கும்பிடு போடுறோம். ஆனா தினமும் எதிர்காத்துல அந்த ஒத்தை விரலைப் பாக்குறது இருக்கே.

எங்க போறேன்னு ஊருக்கே தெரியும். பதினோரு கிலோமீட்டர் தள்ளி சீட்ஸ்கே வீடு. தினம் போவே, பட்டாணி சூப் குடிப்பே, தினம் வருவே. உன் இடுப்பெலும்புக்குப் பழைய சைக்கிள்ல போயிருக்கவே முடியாது. அந்தக் கல்லு இல்லன்னா சீட்ஸ்கே இல்லை. ஈஸ்டருக்கு அப்புறம் அங்கயே போயிரலாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தீங்களாமே. அவதான் சொன்னா. எப்போவா? ஏதோ பேச்சுவாக்குல சொன்னா, விடு.

கோயில் ஹாலுல புதன்கிழமைக் காபி ஞாபகமிருக்கா? அக்டோபர்ல, முதல் புதன். நான் அந்தப் புயல் கதையைச் சொல்லிட்டிருந்தேன். அதான், காத்து என்னைச் சைக்கிளோட அலாக்காத் தூக்கி அணைக்கு அந்தப் பக்கம் மேய்ஞ்சுக்கிட்டிருந்த செம்மறியாடு முதுகுல இறக்கினது. ஆடு மிரண்டு ஓடுது, நான் ஆட்டு மேல, சைக்கிள் என் மேல, கடைசியில நேரா பாதிரியார் வீட்டுச் சமையக்கட்டுல போயி நின்னோம். அவர் சம்சாரம் மீன் பொரிச்சுக்கிட்டிருந்தா, ஆட்டைப் பாத்துட்டு, இன்னிக்கு மீன்தானேங்கன்னு கேட்டா. இருபது வருஷமா அந்தக் கதையைச் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல சீட்ஸ்கே தோளு குலுங்கச் சிரிப்பா. அவ சிரிக்கிறதுக்காகத்தான் பாதிரியார் சம்சாரத்தையே கதைக்குள்ள கொண்டுவந்தேன். முதல்ல அவ கிடையாது.

நீ என்ன பண்ணே? பையிலேர்ந்து ஒரு காகிதத்தை எடுத்தே. வீட்டுலேர்ந்தே எழுதிக் கொண்டு வந்திருக்கே. ஹெஸ்ஸல் சொல்ற தேதியில காத்தோட வேகம் பன்னெண்டுக்கு வெறும் நாலு, துணி காயப்போட ஏத்த நாள்னு நீர் வாரியப் பதிவேடு சொல்லுதுன்னு படிச்சே. மூஞ்சியில சிரிப்புகூட இல்ல. ஹாலே இடிஞ்சு விழுற மாதிரி சிரிச்சுது. சீட்ஸ்கே கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சிரிச்சு முடிச்சும் கையை உன் தோள் மேலயே வெச்சிருந்தா. அப்புறம் நான் எந்தக் கதையை ஆரம்பிச்சாலும் எவனாவது ஒருத்தன், பதிவேட்டுல இருக்கான்னு கேட்டான். நான் கதை சொல்றதையே விட்டுட்டேன்.

அதுக்கென்ன, தமாஷுதான். நான் ஒன்னும் மனசுல வெச்சுக்கல.

அப்புறம்தான் உன் சைக்கிளுக்கு அந்தச் சீக்கு வந்துச்சு. பாவம்பா நீ. சாயங்காலம் கல்லு மேல நிறுத்துறே, பச்சைப்புள்ளியைப் பாத்துட்டுப் போறே. காலையில போனா கல்லு மேலயே நிக்குது, பச்சைப்புள்ளி எரியுது, பேட்டரி மட்டும் முப்பது, முப்பத்தஞ்சு. போறதுக்குப் போதும், வர்றதுக்குப் போதாது. எத்தனை நாள் பாத்திருக்கேன் உன்னை அணைக்கரையில, மழையில, எதிர்காத்துல, அந்த இருபத்தேழு கிலோவைத் தள்ளிக்கிட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வர்றதை. ஒரு நாள் ஆட்டுப் புழுக்கையில வழுக்கி விழுந்து கெடந்தே. நான்தானே தூக்கி விட்டேன். தாண்டிப் போறப்போ நானும் விரலைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் திரும்பி வந்தேன்னு வெச்சுக்கோ. மூணு தடவை போற வழியிலயே பேட்டரி தீர்ந்துபோயி சூப் ஆறிப்போச்சு. சீட்ஸ்கே முதல் தடவை கவலைப்பட்டா. மூணாம் தடவை உன்னை உத்துப் பாக்க ஆரம்பிச்சா.

யாராவது நகர்த்துறாங்களோன்னு நீயும் கேட்டே. கேட்கலன்னு சொல்லல. அதுக்கு நான் சொன்ன பதிலை இப்போ நெனச்சாலும் எனக்கே என்மேல ஒரு மரியாதை வருது. ஃபோல்கெர்ட், கொட்டகையில அடுத்தவன் சைக்கிளை நகர்த்தாதவன் இந்த நாட்டுல உண்டா? நம்மதை எடுக்கணும்னா பக்கத்துல இருக்கிறதைத் தள்ளுறோம், எல்லாரும்தான். ஆனா தள்ளினதைப் பழைய இடத்துல கொண்டுவந்து வெச்ச ஒருத்தனை நீ பாத்திருக்கியா? காலையில அது கல்லு மேல நேரா நிக்குதுன்னா யாரும் தொடலன்னுதானே அர்த்தம். நீ யோசிச்சுப் பாத்தே. தலையை ஆட்டினே. ஆறு வீட்டுக்காரங்களும் தலையை ஆட்டினாங்க.

அப்புறம் நீயாத்தான் கம்பெனிக்குப் போன் பண்ணினே. அந்த டெக்னீஷியன் பொண்ணு வந்து கல்லைத் தட்டிப் பாத்தா, சைக்கிளைப் பாத்தா, எல்லாம் நல்லாருக்குன்னா. விட்டிருக்கலாம்ல? விடல நீ. அந்தக் கல்லுக்குள்ள பதிவு இருக்குமே, அச்சடிச்சுக் குடுன்னு கேட்டே. குடுத்தா. எங்க எல்லாரையும் நிக்க வெச்சு நீயே சத்தமாப் படிச்சே. சாயங்காலம் அஞ்சு பத்து, வண்டி வந்தது. ஆறு அஞ்சு, வண்டி போனது. காலை ஆறு இருபது, வண்டி வந்தது. அடுத்த நாளும் அப்படியே. பத்தொம்போது நாள். படிக்கப் படிக்க உன் குரல் சின்னதாகிட்டே போச்சு. அந்தப் பொண்ணு பாவம், மெல்லக் கேட்டா, ராத்திரில வண்டியை எடுத்துட்டு எங்கயாவது போறீங்களா தாத்தான்னு. இல்லம்மா, தூங்குறேன்னே. கிலோமீட்டர் ஏறலையேன்னும் கேட்டே. திரையை அணைச்சுட்டு வெறுமனே மிதிச்சா ஏறாதுன்னா. அப்போ விளக்குகூட இல்லாம போயிருக்கேன்னு நீயே சொல்லிக்கிட்டே.

நாலாம் வீட்டு அம்மாதான், பதிவு தப்பா இருக்கலாமேன்னா. உனக்குக் கோவம் வந்துச்சு. முப்பத்தெட்டு வருஷம் அளந்திருக்கேன், பதிவு பொய் சொல்லாது, ஆளுதான் பொய் சொல்லுவான்னு என்னைப் பாத்துக்கிட்டே சொன்னே. அன்னிக்குச் சாயங்காலமே நீயா லிஸ்பெத்துக்குப் போன் பண்ணி, எனக்கு என்னமோ ஆயிருச்சும்மான்னு அழுதே. சுவர் வழியாக் கேட்டுச்சு.

பதிவு பொய் சொல்லலப்பா. அது சொன்னது அத்தனையும் நிஜம். அந்தக் கல்லுக்கு என்ன தெரியும்? ஸ்டாண்டு தன் மேல இருக்கா, இல்லையா. அவ்வளவுதான் தெரியும். இல்லன்னா வண்டி நாப்பது கிலோமீட்டர் போயிருக்கா, நாலு விரக்கடை தள்ளி நிக்குதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? வயரா இருந்தா பிடுங்கினது தெரியும். இதுல பிடுங்க ஒன்னுமே இல்லையே. சீட்டைப் பிடிச்சு லேசாத் தூக்கி இந்தா, இவ்வளவு, நாலு விரல் நகர்த்தி வெச்சேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, எல்லார் வீட்டுலயும் உருளைக்கிழங்கு மேசைக்கு வர்ற நேரம். காலையில நீ வர்றதுக்கு முன்னாடி திருப்பி வெச்சேன்.

ஆமா, நான்தான்.

வேற யாருன்னு நெனச்சே? ஒரு நாள் நாலாம் வீட்டு அம்மாவே பாத்துட்டா. எடம் பண்றீங்களான்னா, ஆமான்னேன், அப்படியே என்னோடதையும் கொஞ்சம் தள்ளி வெச்சிருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. சத்தியமா சொல்றேன், ரெண்டு வாரம் உன்னைத் தள்ள விட்டு வேடிக்கை பாக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். பதிவு இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. அது நீயா எனக்குக் குடுத்தது.

யார்கிட்டயும் சொல்லலன்னு நெனைக்காதே. போன புதன் காபியில எல்லார் முன்னாடியும் சொன்னேன், ஒன்னு விடாம. என்னோட இன்னொரு புளுகுக் கதைன்னு ஹால் குலுங்கிச்சு. ஹெஸ்ஸல் பழையபடி ஆயிட்டான்யான்னு ஒருத்தன் முதுகுல தட்டினான். சீட்ஸ்கேதான் சிரிக்கல. செத்த பாம்பை அடிக்காதீங்க ஹெஸ்ஸல், அந்த மனுஷன் நோயாளின்னா. அப்புறம் நான் மன்னிப்புக் கேக்க அவ வீட்டுக்குப் போனேன். அந்தப் பதினோரு கிலோமீட்டரும் எப்படி வழுக்கிட்டுப் போகுதுப்பா, எதிர்காத்தே தெரியல.

உன் சைக்கிள்தான். லிஸ்பெத் சாவியைக் குடுத்தா. அப்பா இனிமே ஓட்ட மாட்டார், சும்மா நின்னா கெட்டுரும், நீங்கதான் அவருக்கு ரொம்பத் துணையா இருந்தீங்கன்னா. இன்னிக்கும் அதுலதான் வந்தேன். காலையில பாத்தேன், நூத்துக்கு நூறு.

ஏன் இப்போ சொல்றேனா? நல்ல கேள்வி. நேத்து சிஸ்டர்கிட்ட உன்னைப் பத்தி விசாரிச்சேன். அருமையா இருக்கார், அந்த நோட்டைக் காட்டினார்னா கண்டிப்பா விட்டுருவாங்கன்னா. ராத்திரி பூரா யோசிச்சேன். நீ வீட்டுக்கு வந்தா எனக்குச் சங்கடம்தானே.

உக்காரு. அட, உக்காருன்றேன், இடுப்பு போயிரும். சொல்லு, தாராளமா ஜட்ஜம்மாகிட்ட சொல்லு. பக்கத்து வீட்டுக்காரன் தினமும் ஒளிஞ்சு வந்து என் சைக்கிளை நாலு விரல் நகர்த்தினான், விடியறதுக்குள்ள திருப்பி வெச்சான்னு சொல்லு. இன்னிக்கு வந்து அவனே ஒப்புக்கிட்டான்னும் சொல்லு. சொல்லாம மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் சாந்தமாவும் இருக்கலாம். உன்னால முடியும்னா செய்யேன். நான் தடுக்கல.

சட்டையை விடுப்பா. பொத்தான் பிஞ்சிருச்சு பாரு. கத்தாதே, நடையில ஆளு வர்ற சத்தம் கேக்குது, சீக்கிரமே வந்துட்டாங்க போல. கப்பைக் கீழ வை. ஐயோ, நோட்டு மேலயே கொட்டிட்டியே, நாப்பத்து மூணு கையெழுத்தும் கரையுது. துடை, துடை. என் கழுத்தை விட்டுட்டு அதைத் துடைய்யா.

வாங்க ஜட்ஜம்மா, உள்ள வாங்க. இல்லீங்க, எனக்கு ஒன்னும் இல்லீங்க, லேசாக் கீறல்தான். பக்கத்து வீடு நான், பதினாறு வருஷப் பழக்கம். அவரைத் திட்டாதீங்கம்மா. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார், திடீர்னுதான் இப்படி. என்னமோ சைக்கிள்னு சொல்றார். நீங்களே கேளுங்க, நான் குறுக்க பேசல.